குகைக்குள் மூச்சு

மார்ச் 3
குகைக் காட்சிக்கு நான் கொடுத்த ஒன்பது சத்தங்களையும் தாடி திருப்பி அனுப்பிவிட்டார். நாங்கள் செய்யும் வீடியோ கேமின் இயக்குநர் அவர். "தண்ணி சொட்டுது, காத்து ஊளையிடுது, எல்லாம் சரி. பயம் எங்கய்யா?" என்றார். ஒலி வேலையில் பதினொரு வருடம் குப்பை கொட்டியாயிற்று. பயத்துக்கு இனி எங்கே போவேன்?

மார்ச் 5
செய்துவிட்டேன். மதியம் அக்கா தூங்கும்போது அவள் அறை வாசலில் ரெக்கார்டரை வைத்தேன். தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு அவளுக்குக் கழுத்துக் குழாய் வழியாகத்தான் மூச்சு. பேச்சு போய்விட்டது, சிலேட்டில் எழுதிக் காட்டுவாள். குழாயில் மூச்சு சீறும், நடுவில் சளி களகளக்கும். அதை நான்கு மடங்கு மெதுவாக்கினேன். எனக்கே உடம்பு சிலிர்த்தது. சிலிர்த்ததும் சந்தோஷம் வந்ததே, அதை எதில் சேர்ப்பது?

மார்ச் 6
தாடி எழுந்து நின்று கை தட்டினார். "எங்க புடிச்சே இதை?"
"பழைய பைப்பு ஒண்ணு சார்."
பைப்பு என்றேன். அக்காவை.

மார்ச் 14
அக்கா என் சட்டைக்குப் பட்டன் தைத்துக் கொடுத்தாள். போட்டுக்கொள்ளக் கூசுகிறது.

மார்ச் 20
விளையாடிப் பார்க்க எல்லோர் வீட்டு ஆட்களையும் ஆபீசுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். நான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் அக்கா கிளம்பிவிட்டாள். குகை இருட்டில் அது மூச்சுவிட ஆரம்பித்ததும் ஹாலே அலறியது. பிறகு ஒரே சிரிப்பு. தாடியின் மனைவி காதைப் பொத்திக்கொண்டு, "ஐயோ, பேய்ங்க!" என்றார். அக்கா சிரிக்கவில்லை. அவள் கை கழுத்துக்குப் போனது. வீடு வரும்வரை என் முகத்தைப் பார்க்கவில்லை.
அவளுக்குத் தெரியாமல் போகுமா? ஆறு மாதமாக அவளோடு இருக்கிற சத்தம் அது ஒன்றுதானே.

மார்ச் 21
காலையில் சிலேட்டை நீட்டினாள்: "அது நான்தானே?"
"ஆமாக்கா."
கழுத்தில் துணி சுற்றியிருந்தாள். வீட்டுக்குள் ஒருநாளும் சுற்றியதில்லை.
"கேட்டிருந்தா குடுத்திருப்பியாக்கா?" — இப்படியும் ஒரு கேள்வி! என்ன மனுஷன்டா நீ? ஆமாம் என்று எழுதி என்னைக் காப்பாற்றிவிடுவாள் என்று நினைத்தேன்.
"மாட்டேன்" என்று எழுதினாள்.

மார்ச் 23
தாடியிடம் உண்மையைச் சொன்னேன். ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு, "எடுத்துடு" என்றார்.
எல்லாப் பிரதிகளையும் அக்கா கண்முன்னே அழித்தேன். தலையாட்டினாள். பிறகு எழுதினாள்: "என் பழைய குரல் வச்சிருக்கியா?"
வீடியோ எடுக்க அவள் விட்டதே இல்லை. ஆனால் இந்த வீட்டில் எத்தனை சத்தம் பதிந்திருக்கிறேன் — கதவுக் கீல், வாளி, கொதிக்கிற தண்ணீர்! எத்தனை தடவை நடுவில் பேசிக்கொண்டே வந்திருப்பாள்! ஆள் குரல் விழுந்தால் பதிவு வீண். முதல் வேலையாக அவள் பேச்சை வெட்டி எறிந்துவிட்டுத்தான் சேமிப்பேன். நானேதான் வெட்டினேன்.
"தேடறேன்க்கா" என்றேன்.

மார்ச் 24
இல்லை.

மார்ச் 27
இல்லை. நாற்பது ஃபைல் கேட்டாயிற்று. எல்லாம் அவ்வளவு சுத்தம்.

ஏப்ரல் 2
பழைய மெமரி கார்டு ஒன்றில், வெட்டாத பதிவு. "வாளி 3" என்று பெயர். திரையில் ஒலிக் கோடுகளைப் பார்த்ததுமே தெரிந்தது: வாளி இடிக்கிற கூர்முனைகள் முடிந்ததும் பேச்சின் ஏற்ற இறக்கம். போட்டுக் கேட்காமல் அவளிடம் கொண்டு போனேன்.
ஹெட்போனை அவளே மாட்டிக்கொண்டாள். பதினான்கு நொடி. என்ன பேசியிருந்தாளோ, உதடு கூடவே அசைந்தது. மறுபடி போடச் சொல்லி விரலைக் காட்டினாள். மறுபடி. ஆறு தடவை.
பிறகு கார்டைக் கழற்றித் தன் கைக்குள் மூடிக்கொண்டாள். எனக்கும் ஒரே ஒரு தடவை கேட்க வேண்டும் போலிருந்தது. கொடு என்று சொல்ல வாய் வரவில்லை.