பூஜ்யமாக்கும் பொத்தான்

அன்புள்ள அம்மாவுக்கு உன் கடைக்குட்டி எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? அப்பா மாத்திரையை விழுங்குகிறாரா, இல்லை சட்டைப்பையிலேயே சேர்க்கிறாரா? நான் சௌக்கியம். கை மட்டும் தண்ணீரில் ஊறிப்போயிருக்கிறது. பயப்படாதே, சொல்கிறேன்.

எங்கள் ஆபீசில் டீ கோப்பைகளை யார் கழுவுவது என்று தினமும் சண்டை. அதனால் யார் எத்தனை நாள் கழுவினார்கள் என்பதை ஸ்மார்ட் கான்ட்ராக்ட் என்று கம்ப்யூட்டரில் தானாக ஓடும் ஒரு கணக்கில் பதிந்தோம். அதில் யாரும் திருட்டுத்தனமாக எதையும் மாற்ற முடியாது; யார் கை வைத்தாலும் பெயரோடு பதிவாகிவிடும். அதற்கு வெப் பக்கம் செய்தது உன் பிள்ளைதான். சோதித்துப் பார்க்க, எல்லா எண்களையும் பூஜ்யமாக்கும் பொத்தான் ஒன்றும் வைத்திருந்தேன். இரண்டு மாதத்துக்கு முன், சோதனைப் பக்கம் என்று நினைத்து நிஜப் பக்கத்திலேயே அதை அழுத்தித் தொலைத்தேன்.

எங்கள் மேனேஜர் ஒரு பெண்மணி, நாற்பத்தொரு நாள் கழுவியவர். நான் மூன்றே நாள். ஒரே நொடியில் இருவரும் பூஜ்யம். அழுத்தியது யார் என்பது மட்டும் அழியாமல் நிற்கிறது. பழைய எண்களைத் திரும்ப ஏற்றித் தருகிறேன் என்று கெஞ்சினேன்.

“ஒண்ணும் ஏத்த வேணாம். நாப்பத்தொண்ணு வர்ற வரைக்கும் நீங்களே கழுவுங்க!” என்றுவிட்டார்.

வீட்டில் தம்ளரை நகர்த்தக்கூட மாட்டானே என்று சிரிக்காதே. டீக்கறை போக நீ என்ன போடுவாய், எழுது. அப்பாவிடம் மூச்சு விடாதே.

நான் கழுவும்போது எல்லோரும் சுற்றி நின்று கேலி பேசுகிறார்கள். அறைக்குப் போனால் கழுவ ஒரே ஒரு தம்ளர்தான், பேச ஆளில்லை. நாற்பத்தொன்றுக்கு இன்னும் நான்கு நாள்தான் பாக்கி. அந்தப் பொத்தானை எடுத்துவிடச் சொல்கிறார்கள். எனக்குத்தான் மனசு வரவில்லை.

கோப்பைகள் சேர்ந்துவிட்டன, கூப்பிடுகிறார்கள்.

உன் கடைக்குட்டி