ஹஜ் ஊசிக்கு முன் ஓர் உண்மை

நூர்னிசா,

“எனக்கு ஒரு சீக்கும் கிடையாது, போன மாசம்கூட வத்திராயிருப்புல ஒரு கரடியை விரட்டுனேன்” என்று ஹஜ் போகிறவர்களுக்குத் தடுப்பூசி போடுகிற டாக்டரிடம் நேற்று சொன்னேன். நம்பிவிட்டார். நீதான் நம்பாமல் அப்போதிருந்து பேசாமல் இருக்கிறாய்.

எனக்குச் சர்க்கரை வியாதி என்று சொன்னால் ஹஜ் பட்டியலில் என் பேரை அடித்துவிடுவார்களோ என்று பயம். நான் இல்லாமல் நீயும் போக முடியாதே.

ஊசி இன்றைக்குத்தான். மாத்திரைச் சீட்டோடு ஸ்ரீவில்லிபுத்தூர் போகிறேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன், கரடியைத் தவிர.

வெளியே போனால் சாவியை அபுதாஹிர் கடையில் கொடுத்துவிட்டுப் போ. கஞ்சி ஆறுமுன் குடி.

ஜெய்னுலாப்தீன்

மறந்துவிட்டேன்: பால்கோவா பாதி குறைந்திருக்கும். எலி தின்றது. அந்த எலிக்கும் சர்க்கரை. டாக்டரிடம் அதையும் சொல்கிறேன்.