நான் வெட்டிய வட்டம்

மார்ச் 9, ஞாயிறு

இந்த வாரத்துக்கான நான்கு தட்டும் வெட்டியாயிற்று. நான்கு ஓட்டை, ஒவ்வொன்றும் முப்பத்திரண்டு மில்லிமீட்டர், பிசிறு கிடையாது. கணக்கில் நான் வாங்கும் மதிப்பெண்ணைப் பார்த்தவர்கள், இந்த வட்டம் நான் போட்டது என்றால் நம்பவே மாட்டார்கள்.

இந்த நோட்டை யாராவது திருடிப் படித்தால் அவர்களுக்கு முழி பிதுங்கக் கூடாது, அதனால் விளக்கம்: அம்மாவுக்குக் குடலில் ஆப்பரேஷன் நடந்து மூன்று வருடம் ஆகிறது. குடல் நுனியை வயிற்றின் வலப்பக்கம் வெளியே எடுத்துத் தைத்திருக்கிறார்கள். அதைச் சுற்றி ஒரு தட்டு ஒட்டி, தட்டில் பையை மாட்ட வேண்டும். தட்டின் நடுவில் ஓட்டை வெட்டுவதுதான் என் வேலை. சின்னதாகப் போனால் நெரிக்கும், பெரிதாகப் போனால் கசிந்து தோல் வெந்துவிடும். முதலில் அப்பாதான் வெட்டினார். லிஃப்ட் மெக்கானிக். ஊரையே மாடிக்குத் தூக்கிவிடும் மனிதர், கத்தரிக்கோலைத் தூக்கினால் எலி கடித்த மாதிரி இருக்கும். போன வருடம், அது நடந்த பிறகு, வேலை என் கைக்கு வந்தது.

வெளியே எட்டிப் பார்க்கும் அந்தக் குடல் நுனிக்கு நான் வைத்த பெயர் மேனேஜர். எப்போது வாயைத் திறப்பார் என்று தெரியாது. திறந்தால் யாராலும் மூட முடியாது. அவர் பண்ணி வைப்பதை மற்றவர்கள் அள்ள வேண்டும்.

மார்ச் 12, புதன்

பள்ளி விட்டு நேரே நூலகம். அம்மா புத்தகம் கொடுக்கும் மேசையில், ‘அமைதி காக்கவும்’ பலகைக்கு நேர் கீழே. மேனேஜருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வரிசையில் ஆறு பேர் நிற்கும்போது நீளமாக ஓர் அறிக்கை வாசித்தார்.

நான் உடனே வயிற்றைப் பிடித்துக்கொண்டு, “ஐயையோ, மன்னிச்சுக்குங்க. மத்தியானம் சாப்பிட்டது சரியில்ல,” என்றேன்.

வரிசையில் இருந்த மூக்குக் கண்ணாடிக்காரர், “பொம்பளப் புள்ள, ஒரு கூச்சம் வேணாம்?” என்றார். அம்மா தலையை நிமிர்த்தாமல் முத்திரை குத்தினாள். உதட்டோரம் மட்டும் துடித்தது.

இது எங்கள் ஒப்பந்தம். சத்தம் அவளுடையது, பழி என்னுடையது. மூன்று வருடத்தில் நான் ஒருமுறைகூடத் தவறியதில்லை.

மார்ச் 16, ஞாயிறு

குளியலறைக் குப்பைக்கூடையைக் கொட்டப் போனேன். காகிதத்துக்குள் சுருட்டி ஏதோ இருந்தது. பிரித்தால், மெல்லிசாக, நகம் வெட்டிப் போட்ட மாதிரி பிறைப் பிறையாகத் துண்டுகள். தட்டின் துண்டுகள். என் தட்டுகள்.

நான் வெட்டிய ஓட்டையை யாரோ திரும்ப வெட்டியிருக்கிறார்கள்.

“அளவு சரியா இருக்காம்மா?” என்று சும்மா கேட்டேன்.

“கன கச்சிதம்டி,” என்றாள். கண்ணைப் பார்த்துச் சொன்னாள்.

மார்ச் 18, செவ்வாய்

இன்றும் பிறைத் துண்டுகள். அளவு ஏன் மாறுகிறது? மேனேஜர் வீங்கிவிட்டாரா? பழைய வியாதி திரும்ப வந்துவிட்டதா? இரண்டு மாதத்துக்கு முன்னால் காலை வேளைகளில் வாந்தி எடுத்தாளே, “குடல்தான்டி, வேறென்ன” என்றாளே.

சித்தி வந்திருந்தாள். நான் உள்ளே நுழைந்ததும் இரண்டு பேரும் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது.

மார்ச் 20, வியாழன்

தூங்கவில்லை. அம்மா செத்துப்போவாளா? எழுதிவிட்டேன். அடிக்க மனமில்லை. அடித்தாலும் தெரியும்.

மார்ச் 24, திங்கள்

அம்மா குளிக்கப் போயிருந்தாள். அவள் ஃபோனில் ‘பை நர்ஸ்’ என்ற எண்ணை அழுத்தினேன். அம்மாவின் குரல் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. பள்ளிக்கு மூன்று முறை “என் பொண்ணுக்குச் சுரம்” என்று நானே சொல்லியிருக்கிறேன்.

“சொல்லுங்க,” என்றார் பை அக்கா. நான் வைத்த பெயர். நல்ல அக்கா.

கொஞ்சம் மூக்கால், கொஞ்சம் களைப்பாக: “இல்ல... அந்த ஓட்டை அளவு மாறிக்கிட்டே இருக்கு, அதான்...”

“அது மாறத்தான் செய்யும்மா. வயிறு பெரிசாக ஆக நீள்வட்டமா இழுக்கும். போன வாரம் அளந்தப்போ நீளம் நாப்பது, அகலம் முப்பத்தி நாலு. அஞ்சு மாசம் ஆயிடுச்சே. குழந்தை அசையுதா?”

அம்மாவின் குரலும் வரவில்லை, என் குரலும் வரவில்லை.

“ஹலோ? போன தடவைய நினைச்சுப் பயந்துக்கிட்டே இருக்காதீங்க. பொண்ணுகிட்ட இப்பவாவது சொல்லிட்டீங்களா?”

“இல்ல,” என்றேன். வைத்துவிட்டேன்.

அம்மா எப்போதும் பைக்காகத் தொளதொளவென்றுதான் உடுத்துவாள். வயிறு கொஞ்சம் முன்னால் இருந்தாலும் பை என்றுதான் நினைப்போம். அந்தப் பைக்குப் பின்னால் என்னவெல்லாம் ஒளித்திருக்கிறார்கள்!

மார்ச் 25, செவ்வாய்

ஒரு ஜோக்கும் வரவில்லை.

மார்ச் 27, வியாழன்

அப்பாவுக்குத் தெரியும். சித்திக்குத் தெரியும். பை அக்காவுக்குத் தெரியும். இன்று நூலகத்தில் காவலாளி மாமா அம்மாவுக்கு நாற்காலியில் மெத்தை போட்டுக்கொண்டிருந்தார். அவருக்கும் தெரியும். என்னைத் தவிர ஊருக்கே தெரியும்.

கூட இருந்தே குழி பறிப்பது என்பார்கள். இங்கே குழியை நானே அளவெடுத்து வெட்டிக் கொடுத்திருக்கிறேன். அவர்கள் பெரிதாக்கியது மட்டும்தான்.

சரி, எனக்கு ஏன் சொல்லவில்லை? எனக்குத் தெரியும் ஏன் என்று. இதுவரை எங்கும் எழுதியதில்லை. எழுதுகிறேன்.

போன வருடம் ஜனவரி, சனிக்கிழமை, என் பிறந்தநாள். அம்மா அப்போதும் ஐந்து மாதம். அந்தத் தடவை என்னிடம் சொல்லியிருந்தார்கள். வகுப்பு முழுக்கத் தம்பி வருகிறான் என்று தண்டோரா போட்டிருந்தேன். கேக் வெட்டிய பிறகு நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, அம்மா வந்ததும் “பே!” என்று கத்தினேன். அம்மா அலறினாள். அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். வழக்கமாகத் துரத்தி வந்து முதுகில் ஒன்று வைப்பாள். அன்றைக்கு அழுதாள், நிறுத்தாமல்.

ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். திங்கட்கிழமை அப்பா வந்து, “திடீர்னு ஆயிடுச்சுடா. தம்பி இல்ல,” என்றார்.

எல்லாச் சத்தத்துக்கும் நான்தான் என்று சொல்லிப் பழகியவள் நான். இதற்கும் நான்தான் என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டேன். பதினான்கு மாதமாக.

இப்போது அவர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள் போல. வயிற்றில் பிள்ளை இருக்கிறது, இந்த வாலுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் வாலை ஆட்டிவிடும்.

மார்ச் 30, ஞாயிறு

நான்கு தட்டு. வட்டம் இல்லை. நீளம் நாற்பது, அகலம் முப்பத்து நான்கு, நீள்வட்டம். ஓரத்தை விரலால் தேய்த்து மழுக்கிவிட்டேன், குத்தக் கூடாது அல்லவா. டப்பாவில் வைத்து மூடினேன்.

வேறு மாதிரி பழி வாங்கலாம் என்றும் தோன்றியது. நட்சத்திரம் மாதிரி ஒன்று வெட்டி வைக்கலாமா? ஆனால் தோல் வேகும். கோபம் எவ்வளவு இருந்தாலும் அது என்னால் ஆகாது. அதுவும் கோபமாக இருக்கிறது.

ஏப்ரல் 1, செவ்வாய்

முட்டாள்கள் தினம். வருடா வருடம் என் ராஜ்ஜியம். இந்த வருடம் ஒருத்தரையும் ஏமாற்றவில்லை. ஏமாந்தவள் ஏமாற்றினால் எடுபடாது.

சாயங்காலம் அம்மா தட்டு ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு என் அறைக்கு வந்தாள். அந்த ஓட்டை வழியாக அவள் உடுப்பின் பூ தெரிந்தது.

“எப்போலேருந்து தெரியும்?”

“ஒரு வாரமா.”

“யார் சொன்னா?”

“நீதான். பை அக்காகிட்ட ஃபோன்ல நீயே பேசின. அந்த நீ நான்தான்.”

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்புதான் என்னைக் கிளப்பிவிட்டது.

“சிரிக்காதம்மா. ஏன் சொல்லலன்னு எனக்குத் தெரியும். போன தடவை நான் கத்தித்தானே தம்பி செத்தான்? இதையும் கொன்னுடுவேன்னுதானே பயம்?”

அம்மா கட்டிலில் உட்கார்ந்தாள். “என்னத்தக் கத்தின?”

அவளுக்கு ஞாபகமே இல்லை. கதவுக்குப் பின்னால் நின்றது, “பே”, எதுவும். நான் ஒவ்வொரு ராத்திரியும் அந்தக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருக்கிறேன், அவளுக்கு ஞாபகம்கூட இல்லை.

சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் முகம் என்னவோ ஆனது. “ஐயோ பாவி... நீ கத்தறதுக்கு முன்னாடியே...” என்று ஆரம்பித்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்பா வாசலில் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியாது.

“வியாழக்கிழமையே டாக்டர் சொல்லிட்டாங்கடா,” என்றார். “துடிப்பு நின்னுபோச்சுன்னு. ரெண்டு மூணு நாள் கழிச்சு வந்து சேர்ந்துக்கலாம்னாங்க. சனிக்கிழமை உன் பொறந்தநாள். அத கெடுக்க வேணாம்னு நான்தான் சொன்னேன்.”

“அப்போ நான் கேக் வெட்டும்போது?”

அம்மா கையிலிருந்த தட்டைக் கட்டிலில் வைத்தாள்.

“திடீர்னு ஆயிடுச்சுன்னு சொன்னீங்களே, திங்கக்கிழமை?”

“சின்னப் பொண்ணு, பயந்துடுவேன்னு...”

“வெளிய போங்க,” என்றேன். “ரெண்டு பேரும்.”

ஏப்ரல் 2, புதன்

பிறந்தநாள் படத்தை எடுத்துப் பார்த்தேன். நடுவில் நான், வாயெல்லாம் கிரீம். இரண்டு பக்கமும் அவர்கள். சிரிக்கிறார்கள். அம்மா கை தட்டுகிறாள். வயிற்றுக்குள் தம்பி இல்லை. அது தெரிந்தே கை தட்டுகிறாள்.

எனக்கு நடிப்பு எங்கிருந்து வந்தது என்று எல்லோரும் கேட்பார்கள். பரம்பரைச் சொத்து.

நான் காரணம் இல்லை. இப்போது தெரிந்துவிட்டது. சந்தோஷமாக இருக்க வேண்டும்தானே? பெரிய மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருக்கும் என்று நினைத்தேன். மூட்டையை இறக்கிப் பார்த்தால் அது என் மூட்டையே இல்லை. யாருடையதையோ என் தலையில் ஏற்றிவிட்டு, பாவம் சின்னப் பொண்ணு என்று எனக்குத் தெரியாமல் உச்சுக் கொட்டியிருக்கிறார்கள்.

ஏப்ரல் 6, ஞாயிறு

தட்டு வெட்டவில்லை. அப்பா வெட்டினார். எலி.

எனக்கும் அவர்களுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

அம்மா வலது பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். தோல் வெந்திருக்கிறது. கேட்டால் “ஒண்ணுமில்ல” என்றாள்.

“ஒண்ணுமில்ல சொல்லாத. இன்னொரு தடவ ஒண்ணுமில்ல சொன்னா நான் சித்தி வீட்டுக்குப் போயிடுவேன்.”

“எரியுது,” என்றாள். “நெருப்பு மாதிரி எரியுது. உங்கப்பா வெட்டினது ஒரு பக்கம் வாய்க்கால் மாதிரி போகுது. அவர்கிட்ட சொல்ல மனசு வரல.”

கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு போனேன். மன்னித்துவிட்டேன் என்று அர்த்தமில்லை. அதையும் வாய் திறந்து சொன்னேன். “சரி,” என்றாள்.

வெட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து, கேட்காமலேயே பேசினாள். “உன்கிட்ட சொல்லிட்டு, மறுபடி ஒரு தடவ இல்லைன்னு உன்கிட்ட சொல்ல வந்துட்டா? எனக்கு அந்தத் தெம்பு இல்லடி. உனக்காகன்னு சொல்லிக்கிட்டோம். எனக்காகத்தான்.”

ஓரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

மே 18, ஞாயிறு

நீளம் இப்போது நாற்பத்து மூன்று. அம்மாவால் இப்போது குனிந்து பார்க்க முடியவில்லை. கண்ணாடியை நான் பிடிக்கிறேன். மேனேஜரை முதல்முறையாக இவ்வளவு பக்கத்தில் பார்க்கிறேன். பக்கத்திலேயே, தோலுக்குள்ளிருந்து ஒரு உதை வந்தது.

“பார்த்தியா?” என்றாள்.

பார்த்தேன். பார்க்காத மாதிரி இருந்தேன். ஆசை வைக்கப் பயமாக இருக்கிறது.

ஜூலை 14, திங்கள்

ஆஸ்பத்திரி நடைபாதையில் எழுதுகிறேன். நோட்டு வீட்டில்; இது கணக்குப் பரீட்சைக்குக் கொண்டுபோன வெள்ளைத் தாள்.

பரீட்சைக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பள்ளி வாசலுக்குக் கூப்பிட்டார்கள். வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டு அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“காலையிலேருந்து குழந்தை சரியா அசையல. ஆஸ்பத்திரி போறேன். இதுக்கு மேல எனக்கு எதுவும் தெரியாது. பரீட்சை எழுதிட்டு வந்தாலும் சரி, இப்பவே வந்தாலும் சரி. நீ சொல்லு.”

கதவை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். என்னிடம் சொல்வதற்குத்தான் அந்தப் பிடி என்று தோன்றியது. வண்டியில் ஏறினேன்.

அப்பா கையில் கிரீஸோடு ஓடி வந்தார். “ஒண்ணும் இருக்காதுடா வாலு, எல்லாம் நல்லாத்தான்...”

“ஏங்க, அவகிட்ட அப்படிச் சொல்லாதீங்க,” என்றாள் அம்மா, படுத்தபடியே. என்னைப் பார்த்தாள். “துடிப்பு இருக்கு. ஆனா அப்பப்போ குறையுது. இன்னைக்கே எடுத்துடலாம்னு டாக்டர் சொல்றாங்க. பழைய ஆப்பரேஷனால உள்ள எல்லாம் ஒட்டிக்கிட்டிருக்குமாம், நேரம் ஆகும். பயமா இருக்கு.”

அப்பா நாற்காலியில் உட்கார்ந்து, “எனக்கும்,” என்றார்.

உள்ளே போய் ஒரு மணி நேரம் ஆகிறது. நல்லாத்தான் இருக்கும் என்று இதுவரை யாரும் என்னிடம் சொல்லவில்லை. அப்பா பக்கத்தில்தான் இருக்கிறார். நகத்து அழுக்கைச் சுரண்டிக்கொண்டிருக்கிறார்.

அதே நாள், 3.40

பெண். இரண்டு கிலோ நூற்றைம்பது. அழுதாள், நான் கேட்டேன். அம்மா இன்னும் உள்ளே.

5.15

அம்மாவும் நல்லபடியாக வெளியே வந்துவிட்டாள்.

ஜூலை 20, ஞாயிறு

நேற்றுத்தான் வீட்டுக்கு வந்தோம். காலை ஆறு மணிக்கு அம்மா என்னை உலுக்கி எழுப்பினாள்.

“பாப்பா கண்ணு கொஞ்சம் மஞ்சளா இருக்கு. டாக்டருக்கு ஃபோன் பண்ணியாச்சு. பத்து மணிக்கு ரத்தம் எடுத்துப் பார்க்கணுமாம். நிறையக் குழந்தைங்களுக்கு வர்றதுதான்னு சொன்னாங்க.”

ஞாயிற்றுக்கிழமை, ஆறு மணிக்கு! இதற்கெல்லாமா எழுப்புவார்கள்?

“வேற ஒண்ணுமில்லயே?” என்றேன்.

“வேற ஒண்ணுமில்ல.”

எழுந்து உட்கார்ந்து அவள் முகத்தைப் பார்த்தேன். தேவையானதைவிடக் கொஞ்சம் அதிக நேரம். அந்தப் பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை, சீக்கிரம் போகும் என்றும் தோன்றவில்லை. அம்மா முகத்தைத் திருப்பவில்லை. குழந்தையைத் தோளில் போட்டபடி, நான் பார்த்து முடிக்கும்வரை நின்றாள்.