அண்ணி பேசும் பிரெஞ்சு

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் நன்றாக இருக்க வேண்டும். இங்கே நானும் அம்மாவும் வேளைக்குச் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம், மாத்திரையை மறக்காமல் போடுகிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை, அதனால் இருக்கிறோம் என்று எழுதுகிறேன், நீ அதையே நலம் என்று எடுத்துக்கொள்.

போனில் நீ அழ ஆரம்பித்தால் அம்மா போனை என் கையில் திணித்துவிட்டுப் போய்விடுகிறாள், எனக்கோ சிக்னல் சரியில்லை என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லத் தோன்றுவதில்லை, நீ கேட்டதெல்லாம் கேட்டபடியே நிற்கிறது. அண்ணி எப்படி இருக்கிறாள், உங்களோடு எந்த மொழியில் பேசுகிறாள், அந்த பிரெஞ்சு அவ்வளவு கஷ்டமா என்று கேட்டாயே, எல்லாவற்றுக்கும் சேர்த்து எழுதிவிடுகிறேன். அதற்கு முன்னால் ஒன்று. விமானம் ஏறக்கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு நீ வரவில்லையே என்று இங்கே யாரும் நினைக்கவில்லை. அண்ணனுக்கு மூளைக்காய்ச்சல் என்று சொன்னதும், ஆஸ்பத்திரியில் சேர்த்ததும், உயிர் போனதும் எங்கள் விசா வருவதற்குள் முடிந்துவிட்டது. பெற்ற நாங்களே போய்ச் சேரவில்லை, நீ எதற்கு மனதைப் போட்டு உழப்பிக்கொள்கிறாய்.

அண்ணி அவனுடைய பெட்டியோடு வந்து இறங்கினாள். கொஞ்ச நாள் உங்களோடு இருக்கலாமா என்று போனில் மொழிபெயர்த்துக் காட்டினாள், அம்மா தலையை ஆட்டிவிட்டு உன் அறையில் புதுப் போர்வை விரித்தாள். இதுவரை நாம் அவளோடு பேசியதெல்லாம் அண்ணன் நடுவில் உட்கார்ந்து பேசியதுதானே, வீடியோவில் அம்மா ஒரு புராணமே சொல்வாள், அவன் அதை நாலு வார்த்தையில் அவளுக்குச் சொல்லி முடித்துவிடுவான், மீதியை எங்கேடா முழுங்கினாய் என்று அம்மா சண்டைக்குப் போவாள். இப்போது நடுவில் ஆள் இல்லை. மூன்று பேரும் மேசையில் உட்கார்ந்தால் தட்டுச் சத்தம்தான் கேட்கும். அவள் எந்த அறைக்குள் நுழைந்தாலும் முதலில் போன்ழூர் என்பாள், அவர்கள் வணக்கம் அது, எங்களுக்கும் சொல்வாள், தண்ணீர் கேன் போட வருகிறவருக்கும் சொல்வாள், லிஃப்டில் ஏறுகிற முன்பின் தெரியாதவர்களுக்கும் சொல்வாள். அவர்கள் திருதிருவென்று முழிப்பார்கள்.

பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா பிரெஞ்சு மருமகள் என்றதும் வெள்ளைக்காரியைத்தான் எதிர்பார்த்திருக்கிறாள். அண்ணியை வாசலில் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, 'பிரெஞ்சுன்னீங்க, இந்தப் பொண்ணு நம்மளவிடக் கறுப்பா இருக்கே' என்றாள். எனக்குக் கோபம் வரவில்லை. கோபம் வந்திருக்க வேண்டும் என்று மட்டும் தெரிந்தது. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு உதடு நம்முடையதா என்று தொட்டுப் பார்ப்போமே, நான் இப்போது முழுக்க அப்படித்தான் இருக்கிறேன் பாப்பா. வேலைக்குப் போகிறேன், லிஃப்ட் மெஷின் ரூமில் ஏறுகிறேன், கை தானாக ரோப்பைப் பார்க்கிறது, பிரேக்கைப் பார்க்கிறது, கதவு சென்சாரைத் துடைக்கிறது. லிஃப்ட் ஓடுகிறது. கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த கட்டடத்துக்குப் போகிறேன். வேலை செய்கிற இடத்தில் யாராவது துக்கம் விசாரித்தால் ஆமாம் என்கிறேன், அவர்கள்தான் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள்.

நான் லிஃப்ட் பார்க்கிற கட்டடங்களில் ஒன்றில் மூன்றாவது மாடியில் பிரெஞ்சு வகுப்பு நடக்கிறது. இத்தனை வருடமாக அந்தப் பலகையைப் பார்த்தும் பார்க்காமலும் போயிருக்கிறேன். இந்த முறை கையில் கிரீஸோடு உள்ளே போய் நின்றேன். நடத்துகிற டீச்சருக்கு உன்னைவிடக் கொஞ்சம் வயது கூட இருக்கும், நம் மொழிக்காரிதான். சேர வந்தீங்களா சார் என்று கேட்டாள். இல்லைம்மா, ஒரு கேள்வி இருக்கிறது என்றேன். பிரெஞ்சு பேசுகிறவர்கள் வெள்ளையாக இருக்க வேண்டாமா என்று தையல்காரம்மா நினைத்ததைத்தான் கேட்டேன். இங்கே சேருகிற எல்லோரும் முதல் நாளே இதைத்தான் கேட்பார்களாம். பிரெஞ்சு பேசுகிறவர்களில் பாதிக்கு மேல் ஆப்பிரிக்காவில்தான் இருக்கிறார்கள், சொந்த வீட்டைவிட அயல் வீட்டில் அதிகம் புழங்குகிற மொழி என்றாள். சிலருக்கு அது தாய்மொழி, சிலருக்குப் பள்ளிக்கூடத்து மொழி, வீட்டுக்குள் வேறு மொழி இருக்கும் என்றாள். வீட்டுக்கு வந்து அண்ணியிடம் போனில் கேட்டுப் பார்த்தேன், அவள் அம்மாவோடு பேசுகிற மொழி வேறாம், பிரெஞ்சுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லையாம். அண்ணனும் அவளும் இரண்டு பேருமே வீட்டு மொழியை வாசலில் கழற்றி வைத்துவிட்டுத்தான் ஒருவரோடு ஒருவர் பேசியிருக்கிறார்கள். எனக்கு அது இப்போதுதான் உறைத்தது.

அதற்குப் பிறகு அம்மா கேள்விகளைக் கொடுத்து அனுப்ப ஆரம்பித்தாள். எழுதுகிற எழுத்தில் பாதியை ஏன் வாயில் சொல்வதில்லை என்று கேட்டேன், ஒரு காலத்தில் சொன்னார்கள், நாக்கு விட்டுவிட்டது, கை விடவில்லை என்றாள் டீச்சர், நாமும்தான் இருக்கிறார்கள் என்று எழுதிவிட்டு இருக்காங்க என்று சொல்கிறோம் என்றாள். எழுபதை அறுபதும் பத்தும் என்கிறார்களாம், தொண்ணூறு என்றால் நாலு இருபதும் பத்துமாம். சில நாடுகளில் மட்டும் அந்தக் கணக்கை விட்டுவிட்டு நேராக ஒரே சொல்லில் சொல்கிறார்களாம். நாம் தப்பாகப் பேசினால் பிரெஞ்சு பேசுகிறவர்கள் முகத்தைச் சுளிப்பார்களாமே என்று அம்மா கேட்கச் சொன்னாள், வணக்கம் சொல்லாமல் நேரே விஷயத்துக்குப் போனால்தான் சுளிப்பார்கள் என்று பதில் வந்தது. பொருளுக்கெல்லாம் ஆண் பெண் உண்டாம். கதவு பெண், லிஃப்ட் ஆண் என்றாள். அதை அம்மாவிடம் சொன்னேன். 'நடுவுல நின்னுக்கிட்டு ஏறவும் மாட்டேன் எறங்கவும் மாட்டேன்னு அடம் புடிக்குதே, வேற என்னவா இருக்கும்' என்றாள். ரொம்ப நாளைக்கப்புறம் அம்மா வாயிலிருந்து ஒரு வேடிக்கைப் பேச்சு. சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. ஆனால் சொன்னாள்.

ஒருநாள் அண்ணியையும் வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வாய் திறந்து பேச ஆள் கிடைத்தால் அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். நான் மேலே மெஷின் ரூமில் வேலையை முடித்துக்கொண்டு இறங்கி வந்தபோது இரண்டு பேரும் காலி பெஞ்சில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள், டீச்சர் முகம் மாறியிருந்தது. 'சார், அவங்க உங்க ரெண்டு பேர்கிட்டயும் ஒண்ணு கேக்கணும்னுதான் வந்திருக்காங்க. போன்ல சொல்லிப் பாத்தாங்களாம், போனுக்குப் புரியல. ஞாயித்துக்கிழம நான் வீட்டுக்கு வரட்டுமா' என்றாள். வாம்மா என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை டீச்சர் வந்தாள். அம்மா டீ போட்டு வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். அண்ணி சொல்லச் சொல்ல டீச்சர் எங்களுக்குச் சொன்னாள். ஆஸ்பத்திரியில் காய்ச்சல் தலைக்கு ஏறிய பிறகு அண்ணனுக்குப் பிரெஞ்சு போய்விட்டதாம். நர்சு கேட்டாலும் டாக்டர் கேட்டாலும் நம் மொழியில்தான் பதில் சொன்னானாம். அங்கே ஒருவருக்கும் புரியவில்லை. ஒரே வார்த்தைகளைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறான், கடைசியாகப் பேசியதும் அதுதானாம். என்னவோ முக்கியமாகச் சொல்கிறான், அப்பா அம்மாவுக்குச் சொல்லி அனுப்புகிறான் என்று நினைத்து அந்தச் சத்தத்தை அப்படியே மனதில் ஏற்றிக்கொண்டாளாம். மறந்துவிடுமோ என்று பஸ்ஸில் போகும்போதும் குளிக்கும்போதும் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தாளாம். அதைக் கொண்டுவந்து நம்மிடம் சேர்க்கத்தான் வந்திருக்கிறாள் பாப்பா. இத்தனை நாளாக நம் வீட்டில் அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பிறகு அவள் நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னாள். லெத்தனெசிதூ, கனுகூசுதூ. எனக்கு ஒன்றும் புரியவில்லை. யாரோ ஆளின் பெயர் என்று நினைத்தேன். டீச்சருக்கும் பிடிபடவில்லை, இன்னொரு முறை, இன்னொரு முறை என்று கேட்டாள். அண்ணி ஒவ்வொரு முறையும் இம்மி பிசகாமல் ஒரே மாதிரி சொன்னாள், நெற்றி வியர்த்துவிட்டது. அம்மா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். அப்புறம் தன் குரலில் மெதுவாகச் சொன்னாள். லைட்ட அணைச்சிடு, கண்ணு கூசுது. அண்ணி சட்டென்று அம்மா பக்கம் திரும்பினாள், ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டினாள். அம்மா வாயிலிருந்து வந்ததும் அது அவன் சொன்ன மாதிரியே ஆகிவிட்டது போல.

டீச்சர் உடனே மொழிபெயர்க்கவில்லை. எங்களைப் பார்த்துத் தாழ்ந்த குரலில், 'உள்ளதச் சொல்லட்டுமா, இல்ல மனசுக்கு இதமா வேற ஏதாவது சொல்லிடட்டுமா' என்று கேட்டாள். உண்மையைச் சொல்கிறேன், வேறு ஏதாவது சொல்லிவிடலாம் என்றுதான் எனக்குத் தோன்றியது. கடல் தாண்டிக் கொண்டுவந்திருக்கிறாள், அதற்குள் விளக்கும் கண் கூச்சமும்தான் இருக்கிறது என்று எப்படிச் சொல்வது. நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா, 'உள்ளதச் சொல்லுங்கம்மா, அவ புருஷன் சொன்னது' என்றாள். டீச்சர் சொன்னாள்.

அண்ணி டீச்சர் பக்கம் குனிந்தாள். விளக்கா என்று மேலே விரலைக் காட்டிக் கேட்டாள். அப்புறம் வேகமாக ஏதோ பேசினாள், டீச்சருக்குச் சொல்வதற்கே நேரம் பிடித்தது. அணைத்தேன் என்கிறாளாம். கையை எடுத்து எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டானாம், அதைப் பார்த்துவிட்டு இவள் எழுந்து விளக்கை அணைப்பாளாம், நர்சு வந்து போட்டுவிட்டுப் போவாளாம், மறுபடியும் அணைப்பாளாம். கடைசியில் திட்டுவார்களே என்றுகூடப் பார்க்காமல் தன் கழுத்துத் துணியை எடுத்து விளக்கின் மேல் கட்டிவிட்டாளாம். அதற்குப் பிறகு கையை இறக்கிவிட்டானாம். அம்மா எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். டீ ஆறிவிட்டது, நான் எடுத்துக்கொண்டு போய்ச் சூடு பண்ணினேன், அடுப்படியில் நின்று அழுகை வருகிறதா என்று பார்த்தேன், வரவில்லை. பால் பொங்குவதற்குள் அடுப்பை அணைத்துவிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் அண்ணி கிளம்புகிறாள், வேலையில் லீவு முடிகிறது. உன் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அவள் கூப்பிட்டால் என்ன பேசுவது என்று பயந்து எடுக்காமல் இருந்துவிடாதே. முதலில் போன்ழூர் சொல், அப்புறம் சும்மா இருந்தாலும் பரவாயில்லை, நாங்கள் அப்படித்தான் இருந்தோம். நீ நேரத்துக்குச் சாப்பிடு. படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்து இறங்கு. காலில் வீக்கம் வந்தால் மாப்பிள்ளையிடம் மறைக்காமல் சொல். பிரசவத்துக்கு அம்மா வருவாள், விசாவுக்குக் கொடுத்திருக்கிறோம், இந்த முறை முன்கூட்டியே கொடுத்துவிட்டேன்.

உன் பிள்ளை நல்லபடியாகப் பிறந்து, நீ எழுந்து நடந்து, மாப்பிள்ளையோடு நிறைவாக வாழ வேண்டும், அப்பா அம்மாவின் ஆசீர்வாதம் எப்போதும் உனக்கு உண்டு. ஒன்றை மட்டும் மறக்காதே. ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்னால் அந்த ஊர் மொழியில் வலிக்கிறது என்பதற்கும் தண்ணீருக்கும் விளக்கை அணைக்கச் சொல்வதற்கும் என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டுப் படித்துக்கொள். நம் மொழியில் என்ன சொல்வாய் என்பதை உன் பக்கத்தில் இருக்கப்போகிற நர்சுக்கும் முன்னாலேயே சொல்லி வை.

இப்படிக்கு,
உன் அப்பா