நலங்குக்கு முன்னால்

கள்ளக்குறிச்சி,
வைகாசி, செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள தம்பி ஆதிமூலத்துக்கு, அக்கா தைலம்மாள் ஆசியுடன் எழுதுவது. சென்னையில் நீயும் உன் நாடகக் கம்பெனிக்காரர்களும் நன்றாக இருக்க வேண்டும். நாங்கள் நலம் என்று எழுதக் கை வரவில்லை.

ராஜாம்பாள் கல்யாண வேலை நடக்கிறது. உன் மாமா பந்தலுக்கு மூங்கில் பார்க்கக் கரியாலூர் போயிருக்கிறார். பத்திரிகை அடித்து வந்துவிட்டது. தாய்மாமன் என்று உன் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறோம். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

நீ அனுப்பிய பேன்கேக் டப்பா அடி தெரிகிறது. அது வந்த அன்று எதிர்வீட்டு வாத்தியார் டப்பா மேலிருந்த பெயரைப் படித்துவிட்டு, வெள்ளைக்காரர் தின்கிற தித்திப்பு தோசை என்றார். உன் மாமா மோந்து பார்த்து, "தோசைன்றாரு, சென்ட்டு வாசனயில்ல அடிக்குது" என்று முகத்தைச் சுளித்தார். வேஷம் கட்டுகிறவர்கள் பூசுவது என்று உன் கடிதத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. நீ எழுதியபடியே ஈரப் பஞ்சில் தொட்டு ராஜாம்பாள் கன்னத்து வெண்புள்ளியில் தடவினேன். பெண் பார்க்க வந்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. மாப்பிள்ளை பழனிக்கு மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் வேலை. தங்கமான பிள்ளை. வெண்புள்ளி ஒட்டுகிற வியாதி இல்லை என்று டாக்டரே சொல்லிவிட்டார், கல்யாணம் முடிந்து மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றாய். நானும் தலையாட்டினேன். அவர்கள் வீட்டிலிருந்து யாராவது வந்துவிடுவார்களோ என்று தினமும் காலையில் பூசிவிடுகிறேன்.

நலங்கை நாம் இரண்டு பேருமே மறந்துவிட்டோம், தம்பி. நேற்று மாப்பிள்ளையின் அக்கா சாலம்மாள் ஜாக்கெட் அளவுக்கு வந்தவள், "பொண்ணுக்கு மொத மஞ்ச நான்தான் பூசுவேன். எப்பிடித் தேய்ச்சிக் குளிப்பாட்டுறேன், பாத்துக்கினே இருங்க" என்று சிரித்துவிட்டுப் போனாள். ஊர்ப் பெண்கள் சுற்றி நிற்கும்போது மஞ்சளோடு பூச்சும் அவள் கையில் வந்துவிடும். மாப்பிள்ளை வீட்டார் பந்தலிலிருந்து எழுந்து போய்விட்டால் என் பெண் என்ன ஆவாள்? தண்ணீர் பட்டாலும் போகாத சரக்கு உங்கள் கம்பெனியில் இருந்தால் உடனே அனுப்பு.

இதுவரை எழுதியதை ராஜாம்பாள் என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டாள். "நலங்குல போவாத சரக்கே வருதுன்னு வெச்சிக்க. தாலி ஏறின மறுநாளு தெரிஞ்சா அப்ப இன்னாம்மா சொல்லுவ?" என்று கேட்டாள். எனக்குக் கோபம்தான் வந்தது. வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவள் கிணற்றடிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து என் எதிரில் உட்கார்ந்திருக்கிறாள்.

சரக்கு வேண்டாம். நீ வா. நலங்குக்கு முன்னால் நாம் மூங்கில்துறைப்பட்டு மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சாலம்மாளிடம் சொல்லிவிட வேண்டும். பெண் வேண்டாம் என்றால் அதுவும் அவர்கள் வாசலிலேயே என் காதில் விழட்டும். தனியாகப் போனால் எனக்கு வாய் வராது. நீ பக்கத்தில் நின்றால் சொல்லிவிடுவேன்.

வெண்மை இப்போது உதட்டோரம் வரை வந்திருக்கிறது. தினமும் பூசிக்கொண்டே இருந்ததில் எனக்கே தெரியவில்லை. என் பெண் முகத்தை நான் பார்த்து எவ்வளவு நாளாகிறது, தம்பி.

மாரியம்மன் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். சீக்கிரம் வா.

உன் அக்கா,
தைலம்மாள்