காலில்லாத அரணை

மார்ச் 3, 2025

இன்று வகுப்பு இரண்டுதான். மீதி நேரமெல்லாம் அந்த அரணைதான். மொசாம்பிக் கடற்கரை மணலுக்குள் வாழும் பல்லியினம், கால்களே கிடையாது. உலகத்தில் இதுவரை கிடைத்தவை இரண்டே உடல்கள். உயிரோடு படம் எடுத்தவர் யாருமில்லை. தம்பி எஸ்ரா அங்கேதான் போர்வெல் வண்டியில் வேலை பார்க்கிறான். ஒரே ஒரு படம் வந்தால் போதும், என் ஆய்வு முடியும். நாற்பது வயதில் தற்காலிக விரிவுரையாளர் என்ற பெயரும் ஒழியும்.

மார்ச் 9

எஸ்ராவுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். "பாம்பு மாதிரி இருக்கும்லே, பாம்பு இல்ல. பயப்படாம கையில எடு. படம் எடுத்துட்டு விட்டுரு."

"அண்ணனுக்கு இல்லாததா" என்றான்.

மார்ச் 22

எஸ்ரா போனில் பேசினான். மணலில் கறுப்பாக ஒன்று நெளிந்ததாம். கூட வேலை செய்யும் உள்ளூர்க்காரர்கள் தொடாதே என்றார்களாம். "எங்கண்ணன் காலேஜ் வாத்தியாரு, அவனுக்குத் தெரியாததான்னு சொல்லிட்டுப் பிடிச்சேன். கடிச்சிட்டுண்ணே." குரலில் இன்னும் சிரிப்பு இருந்தது.

படம் வந்தது. அரணை இல்லை, மணலுக்குள் வாழும் பாம்பு. தலைக்குப் பின்னால் பிடித்தாலும் பல்லைப் பக்கவாட்டில் நீட்டிக் குத்திவிடும். அதற்கு விஷமுறிவு மருந்தே கிடையாது.

மார்ச் 23

அங்கே அப்படியொரு பாம்பு உண்டு என்று எனக்குத் தெரியும். மறந்துவிட்டேன், மறந்துவிட்டேன் என்று காலையிலிருந்து எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். பொய். சொன்னால் தொடமாட்டான் — அதனால்தான் சொல்லவில்லை. நீயெல்லாம் ஒரு அண்ணனா?

மார்ச் 26

கட்டைவிரல் கறுத்துவிட்டதாம். கையைக் காப்பாற்ற வேண்டுமானால் அதோடு இன்னும் இரண்டு விரலையும் எடுக்க வேண்டுமாம்.

அம்மா முழங்காலில் நின்று ஜெபித்தபடியேதான் இருக்கிறாள். பக்கத்து வீட்டு முருகம்மாள் சித்தி கோமதியம்மன் கோயில் புற்றுமண் கொண்டுவந்தார். "விஷக்கடிக்கு இத விட்டா மருந்து கெடையாதுக்கா." கோயில் திருநீற்றைக்கூட வீட்டுக்குள் விடாத அம்மா, அதை வாங்கி எஸ்ராவின் போட்டோ முன்னால் வைத்தாள்.

எஸ்ராவுக்கு அனுப்பிய அந்த வாய்ஸ் மெசேஜை நான் அழித்தேன்.

ஏப்ரல் 2

மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள். வலது கை. அந்த அரணை இருந்தாலென்ன, அழிந்தாலென்ன.

மே 14

எஸ்ரா ஊருக்கு வந்துவிட்டான். பைப்பைத் தூக்கும்போது பாம்பு கடித்தது என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறான். முப்பத்தாறு வயதுப் பிள்ளைக்கு அம்மா சோற்றை உருட்டி ஊட்டுகிறாள். "எங்கய்யா மேல யாரு கண்ணு பட்டுதோ" என்று புலம்புகிறாள். நான் தட்டோடு எழுந்துவிட்டேன்.

மே 17

சொல்லிவிட்டேன். "நாந்தாம்மா கையில எடுக்கச் சொன்னேன். பாம்பும் இருக்கும்னு தெரியும்." அம்மா என்னைப் பார்க்கவேயில்லை.

மே 20

மூன்று நாளாக அம்மா என்னைச் சாப்பிடக் கூப்பிடுவதில்லை. தட்டில் போட்டு மூடிவைத்துவிட்டுப் போய்விடுகிறாள். இன்று மத்தியானம் எஸ்ரா வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அம்மாகிட்ட எதுக்குண்ணே சொன்ன?"

"எனக்காக நீ எத்தன நாளுலே பொய் சொல்லுவ?"

"ஒனக்காக யாரு சொன்னா? அம்மாவுக்கு ரெண்டு மவன் இருக்கட்டும்னு சொன்னேன்."