இளவரசியின் உழைப்பும் அப்பாவின் கட்டிலும்

ஸ்கெல்தார்ப்,
செவ்வாய்க்கிழமை மத்தியானம்.

அன்புள்ள அட்ரியனுக்கு,

அம்மா எழுதுகிறேன். முட்டியைத் தவிர நான் சௌக்கியம். உன் அப்பா சௌக்கியமில்லை. போன் செய்தால் உன் ஆபீஸ் பெண் "சார் மீட்டிங்ல இருக்கார்" என்கிறாள், குரலில் தேன் வழிய. அரண்மனை ஆபீசில் அப்படி என்னதான் கூடிக் கூடிப் பேசுவீர்களோ, எனக்குத் தெரியாது. அதனால்தான் தபால்தலை வாங்கி ஒட்டுகிறேன். இதையாவது நீயே பிரித்துப் படிப்பாய் என்று நினைக்கிறேன்.

அப்பாவுக்கு நெஞ்சில் சளி கட்டி நிமோனியா ஆகிவிட்டது. மூக்கில் ஆக்ஸிஜன் குழாய் வைத்திருக்கிறார்கள். இன்று காலை டாக்டர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, "வெளியூர்ல பிள்ளைங்க யாராவது இருக்காங்களா, சொல்லிட்டீங்களாம்மா?" என்று கேட்டார். டாக்டர்கள் எப்போது அப்படிக் கேட்பார்கள் என்று உனக்குத் தெரியும்.

இடுப்பு எலும்புக்குத்தானே சேர்த்தோம், நெஞ்சு எப்படிக் கெட்டது என்று கேட்பாய். கேள், சொல்கிறேன்.

போன வாரம் உங்கள் இளவரசி இங்கே வந்தாள். எந்த இளவரசி என்று நான் எழுத மாட்டேன், உனக்கே தெரியும். ஆஸ்பத்திரியில் புதுக் கட்டடம் ஒன்று கட்டியிருக்கிறார்களே, அதைத் திறந்து வைக்க. சுவர் இருக்கிறது, பெயின்ட் இருக்கிறது, அவள் பெயர் வெட்டிய பலகை கூட இருக்கிறது. நர்ஸ் கிடையாது. ஹீட்டருக்கு இன்னும் கனெக்ஷன் கொடுக்கவில்லை. பிப்ரவரி மாதத்தில்! திறப்பு விழா நடத்த அதெல்லாம் எதற்கு?

கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஆபீசர் ஒருவர் அன்று காலையில் எங்கள் வார்டுக்கு வந்தார். வாயெல்லாம் பல். "முன்ன மாதிரி இல்லைம்மா. வந்தாங்க, ரிப்பன் வெட்டினாங்க, போனாங்கன்னா ஒரு கணக்குன்னு இருந்த காலம் போச்சு. இப்ப எத்தனை பேர்கிட்ட பேசினாங்கங்கறதுதான் கணக்கு. லண்டன்லேருந்து சொல்லியிருக்காங்க. அறை நிறைய ஆள் வேணும்" என்றார். அறை காலியாக இருக்கிறதே, ஆளுக்கு எங்கே போவது? எங்கள் வார்டிலிருந்து கட்டிலோடு தள்ளிக்கொண்டு போனார்கள். அதில் உன் அப்பாவும் ஒருவர்.

காலை டீ நேரத்தில் போனவர்கள், மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டியும் அங்கேயே கிடந்தார்கள். இளவரசிக்கு அதற்கு முன்னால் வேறொரு இடத்தில் நேரமாகிவிட்டதாம். அங்கேயும் ஆட்களை நிறைத்து வைத்திருப்பார்கள், வேறென்ன! அப்பாவுக்குப் பல் கிடுகிடுவென்று அடித்தது. நம் வீட்டுப் பழுப்புக் கம்பளியைப் போர்த்திவிட்டேன். ஆபீசர் ஓடி வந்து, படத்தில் அசிங்கமாகத் தெரியும் என்று அதை உருவிக்கொண்டு போனார். ஜோஸி என்று ஒரு நர்ஸ், நல்ல பெண், "வயசான மனுஷன் சார், இந்தக் குளிர்ல வச்சுக் கொல்லாதீங்க" என்று அவரிடம் சண்டை போட்டாள். அவளை வேறு வார்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நானும் கத்தியிருக்க வேண்டும்தான். நல்ல கோட்டு போட்டுக்கொண்டு, இடித்த புளி மாதிரி நின்றேன்.

அவள் வந்தாள். வெள்ளைக் கையுறை. அப்பா கட்டிலருகே குனிந்து, "வெகு தூரத்திலிருந்து வந்தீங்களா?" என்று கேட்டாள். யாரைப் பார்த்தாலும் இந்த ராஜ குடும்பத்தார் அதைத்தானே கேட்பார்கள். உன் அப்பா, உதடு நீலம் பாரித்துப் போயிருந்த மனிதர், "பக்கத்து வார்டுலேருந்துதான் அம்மணி. தள்ளிக்கிட்டே வந்தாங்க" என்றார். "ரொம்ப சந்தோஷம்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். பதில் காதில் விழுந்ததா என்று எனக்குச் சந்தேகம்தான். அதற்கு நான் காலை மடக்கி வணக்கம் வேறு வைத்தேன். அன்று பிடித்த முட்டி இன்னும் விடவில்லை, எனக்கு நன்றாக வேண்டும்!

அவள் கார் கிளம்பியதும் கட்டில்களைத் திரும்பத் தள்ளிக்கொண்டு வந்து, அந்த அறையைப் பூட்டிவிட்டார்கள். ராத்திரியே அப்பாவுக்குக் காய்ச்சல்.

உங்கள் ஆபீஸ் போட்ட கணக்கு நேற்றுப் பேப்பரில் வந்திருக்கிறது. ராஜ குடும்பத்திலேயே அதிகம் உழைப்பவள் அவள்தானாம். "நியாயமான புது அளவுகோல்" என்று கொட்டை எழுத்து, கீழே உன் பெயர். படித்ததும் போன கிறிஸ்துமஸ் சாப்பாடுதான் ஞாபகம் வந்தது. தட்டில் குட்டிக் குட்டி முட்டைக்கோஸ்களை வரிசையாக வைத்து, "ஒரே நாள்ல அஞ்சு ரிப்பன் வெட்டறவங்களும், ஒரே இடத்துல நாள் முழுக்க நிக்கிறவங்களும் ஒண்ணா? அது அநியாயம்பா. ஆளை எண்ணணும்" என்று நீ அப்பாவுக்கு விளக்கினாய். அவர் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். என் பிள்ளைக்கு எவ்வளவு மூளை என்று அப்புறம் ஒரு மாதம் அதே பேச்சு. நீ நியாயமாகச் செய்யத்தான் நினைத்தாய், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் துரும்பைக் கிள்ளிப் போடாதவர்களின் உழைப்பை அளக்க ஒரு படிப்பு, ஒரு ஆபீஸ், ஒரு சம்பளம்! நோகாமல் நோன்பு கும்பிடுகிறவர்களில் யாருக்கு அதிகம் நொந்தது என்று உட்கார்ந்து எண்ணுகிறீர்கள். வெட்கமாக இல்லையா?

உன் அப்பா குளிர்காலம் முழுக்க விடிவதற்கு முன்னால் லாரி எடுத்துப் போய் இந்த ஊர் ரோட்டுக்கெல்லாம் பனி உருக உப்புத் தூவியவர். வழுக்கி விழாதவர்கள் எத்தனை பேர் என்று எந்தப் பேப்பராவது எண்ணியதா? ஒருவன் கூட அவர் கையைப் பிடித்துக் குலுக்கியதில்லை. கடைசியில் நம் வீட்டு வாசலில் பனி உறைந்து கிடந்ததில் அவரே விழுந்தார்.

நியாயமான அளவு வேண்டுமானால் நான் சொல்கிறேன். அவளுக்காக யார் யார் எவ்வளவு நேரம் காத்துக் கிடந்தார்கள், எந்தெந்த வேலை நின்றது என்று பார். அதை அவள் கணக்கிலிருந்து கழி. கழித்து மிச்சம் ஏதாவது இருந்தால் பேப்பரில் போடு. உன் இப்போதைய கணக்கில் உன் அப்பா ஒரு ஆள். ஒன்று என்று எழுதியிருப்பாய். அந்த ஒன்று யார் என்று நீ பார்த்திருக்க மாட்டாய்.

திட்டியாகிவிட்டது. இனி விஷயத்துக்கு வருகிறேன். உடனே வா. லீட்ஸில் ரயில் மாறினால் சாயங்காலத்துக்குள் இங்கே இருக்கலாம். தடிமனான கோட்டு போட்டுக்கொண்டு வா. உன் பழைய அறையில் படுக்கை விரித்து வைத்திருக்கிறேன்.

கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனது உன் கணக்குக்காகத்தான் என்று அப்பாவுக்கு இன்னும் உறைக்கவில்லை. பேப்பரை நான் ஒளித்து வைத்துவிட்டேன். ஜோஸி திரும்பி வந்துவிட்டாள், அவளிடமும் "என் பையன் அரண்மனைல பெரிய வேலை" என்று மூச்சு வாங்கிக்கொண்டே சொல்கிறார். நான் சொல்ல மாட்டேன். நீயும் வந்து அவர் காலடியில் உட்கார்ந்து மன்னிப்பு அது இது என்று ஆரம்பிக்காதே. அவர் பெருமையோடு இருக்கட்டும்.

ஒன்று மட்டும் தெரிந்துகொண்டு வா. அன்றிலிருந்து இளவரசி கேட்ட கேள்வியே அவருக்கு வேடிக்கையாகிவிட்டது. டாக்டர், ஜோஸி, கூட்டுகிற பெண், யார் கட்டிலருகே வந்தாலும் குழாயைத் தள்ளிவிட்டு, "வெகு தூரத்திலிருந்து வந்தீங்களா?" என்று கேட்கிறார். உன்னையும் கேட்பார். என்ன பதில் சொல்வது என்று ரயிலில் யோசித்துக்கொண்டு வா.

கடவுள் உன்னைச் சீக்கிரம் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் அம்மா,
பெரில்